நீர்க்கடுப்பு அறையில் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்

வேறு எந்த வேலையாக இருந்தாலும் வந்தவரிடம் முதலில் பேரைக் கேட்பார்கள், எங்கள் வேலையில் முதல் கேள்வியே "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?" என்பதுதான்.

நான் ஜெசிந்தா. பெங்களூரில் காக்ஸ் டவுனுக்கும் லிங்கராஜபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அதில் கடைசி எட்டு வருஷம் யூராலஜி ஓ.பி.யில், மூன்றாம் நம்பர் அறையில். இங்கே வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே தொல்லைதான். நீர்க்கடுப்பு வரும், மாத்திரை சாப்பிட்டால் போகும், மாதம் திரும்புவதற்குள் மறுபடி வரும். என்னடா இது, மூத்திரக் கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று முகம் சுளிக்காதீர்கள். ஹெப்பால் மேம்பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நகராமல் நிற்க, காலை இறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திராத பெண் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

தங்கச்சிக்குப் பதிலாக

எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டிதான். சர்ச்சில் ஆராதனை முடிந்து ஸ்கூட்டியை எடுக்கப் போனால், யாராவது ஒருவர் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "ஜெசி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்பார். ஒரு நாள் அப்படித் தொட்டவர் ரோஸ்லின் ஆன்ட்டி. அறுபத்தைந்து வயது. ரிட்டயர்டு டீச்சர். ஒரே முறைப்பில் ஒரு வகுப்பையே அடக்கியவர். அவரே அன்றைக்குச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தன் தங்கச்சிக்கு அடிக்கடி எரிச்சல் வருகிறது, குளிர் காய்ச்சல் வருகிறது, முழுசாகப் போன மாதிரியே இருப்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் நம்பர் அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு ஆன்ட்டி மட்டும் வந்தார். தங்கச்சி எங்கே என்றேன். கைப்பையை மடியில் வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அவளுக்கு வீட்ல நெறைய வேலை ஜெசி. அவளுக்குப் பதிலா என்னைப் பாத்துடச் சொல்லு டாக்டரை."

ஒரே வீட்டுத் தண்ணீர்

முதலில் சாம்பிள் வேண்டும். டப்பாவைக் கையில் கொடுத்து, "மொதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் புடிங்க" என்று நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வேன். ஆன்ட்டி எங்கள் டாய்லெட்டுக்குள் இருபது நிமிஷம் இருந்துவிட்டு, இங்கே வரவில்லை, வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த எங்கள் டாக்டர் பிரசன்னாவுக்குத் தலை சுற்றியது. கிருமி இல்லை. ஆனால் சர்க்கரை அள்ளிக்கொண்டு போகிறது. ஆன்ட்டிக்கு சுகர் கிடையாது. இருபது வருஷமாக சுகர் இருப்பது அவர் வீட்டு அங்கிளுக்கு. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருது இது?" என்றேன். திட்டலாம் என்றால் நான் சண்டே ஸ்கூல் படித்ததே அவரிடம்தான். அவரோ கொஞ்சம்கூட அசரவில்லை: "எனக்கு வரவே மாட்டேங்குது, அவருக்கு நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுத் தண்ணியைத்தானே குடிக்கிறோம்?"

என் ஐந்து கட்டளைகள்

எங்கள் அறைச் சுவரில் ஒரு சார்ட் இருக்கிறது. நானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியது. தண்ணீர் நிறையக் குடி. அடக்காதே. முன்னாலிருந்து பின்னால் கழுவு. புருஷனோடு இருந்தால் பிறகு எழுந்து ஒண்ணுக்குப் போ. கடையில் நீயே மாத்திரை வாங்காதே. இந்த ஐந்தையும் நான் பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் அதையே கொஞ்சம் சூடாக ஒப்பிப்பேன். அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் வசந்தா.

வசந்தாவுக்கு முப்பத்தாறு வயது. பிரேசர் டவுன் ரயில் பாதைப் பக்கம் வீடு. டெக் பார்க் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எங்களிடம் நாலு வருஷமாக வருகிறாள். நீர்க்கடுப்போ ஆறு வருஷமாக. ஒவ்வொரு தடவையும் மாத்திரை, ஒவ்வொரு தடவையும் என் பாட்டு. ஒரு நாள் கூட்டம் அதிகம், எனக்கும் தலைவலி. "ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது? சுத்தமா இருந்தா இப்படி வருமா? தண்ணி குடிக்கிறதில்ல, அடக்கி அடக்கி வெச்சுக்கறது, அப்புறம் இங்க வந்து அழறது" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒரு நாளைக்குப் பதினாறு டாய்லெட் கழுவறேன் சிஸ்டர். அதுல ஒண்ணுலகூட நான் போகக்கூடாது. எங்களுக்கு ரெண்டு மாடி கீழ, கார் நிக்கற எடத்துல ஒண்ணு இருக்குது, சூப்பர்வைசரைக் கேட்டுட்டுதான் போகணும்."

எல்லாம் நார்மல்

அதற்குப் பிறகு நான் அவளிடம் கொஞ்சம் குரலைக் குறைத்தேன். ஆனால் மனசுக்குள் முடிவு மாறவில்லை. அடக்குகிறாள், அதனால் வருகிறது, அவ்வளவுதான். வேலையை மாற்றினால் சரியாகிவிடும் என்று சுலபமாகச் சொல்லியும் விட்டேன்.

டாக்டர் மட்டும் விடாமல் கல்ச்சர் டெஸ்ட் எழுதினார். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில்தான் தெரியும். ஒன்றல்ல, மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் கிருமி எதுவும் வளரவில்லை. வயிற்று ஸ்கேனில் கிட்னி நன்றாக இருக்கிறது, கல் இல்லை. பொம்பளை வலியில் நிமிர முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், காகிதத்தில் எல்லாம் நார்மல். இதற்கு நடுவில் லீவு கூடிவிட்டது. இன்னொரு தடவை லீவு எடுத்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். வீட்டிலும் நிம்மதி இல்லை. பக்கத்தில் வந்தாலே வலிக்கிறது என்கிறாள், சாக்குச் சொல்கிறாள் என்று புருஷனுக்குக் கோபம். அவர் பெயர் குமார், பெயின்டர். மூன்றாவது ரிப்போர்ட் வந்த அன்று கூடவே வந்திருந்தார். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாருங்க சிஸ்டர், ஆஸ்பத்திரியே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருக்குது. நான் சொன்னா மட்டும் சண்டைக்கு வர்றா."

எனக்கும் அதையே பண்ணுங்க

ரோஸ்லின் ஆன்ட்டி கதைக்கு வருகிறேன். "வரவே மாட்டேங்குது" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அன்றைக்குச் சிரித்தேன். நான் போய்ச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை. போய்விட்டு வரச் சொல்லி, உடனே அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு பெரிய டம்ளர் அளவு மூத்திரம் அப்படியே நிற்கிறது. மூன்று பிரசவம் பார்த்த உடம்பு. தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்து மூத்திரப்பை கீழே இறங்கித் தொங்குகிறது. தொங்குகிற பை முழுசாகக் காலியாகாது. தேங்கி நிற்கிற மூத்திரத்தில் கிருமி குடித்தனம் நடத்தாமல் என்ன செய்யும்? பையைத் தூக்கி நிறுத்தித் தைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு கடுப்புகூட இல்லை. ஆன்ட்டி ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தங்கச்சி பெயரைச் சொல்லாமல் தன் கதையையே சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பெஞ்சில் ஒரு நாள் பக்கத்தில் வசந்தா. கதையைக் கேட்டவள் எழுந்து நேராக உள்ளே வந்துவிட்டாள். எனக்கும் அதையே பண்ணுங்கள் என்று டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசன்னா சார் கன்னடக்காரர், எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் பொறுமையாகத்தான் சொன்னார். ஆன்ட்டிக்குப் பை இறங்கியிருந்தது, அதனால் தூக்கினோம். எல்லாருக்கும் ஆபரேஷன் கிடையாது, பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை, உனக்குக் காரணம் எதுவும் ஆப்படவில்லையே என்றார். அகப்படவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்வார். யாரும் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பாதீங்க சார். ஏதாவது இருக்குதுன்னு சொல்லுங்க, நான் சந்தோஷமா வீட்டுக்குப் போறேன்."

கழுவித் துடைத்த சாம்பிள்

அன்றைக்கு அவள் அழுதுகொண்டே முகம் துடைக்கக் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடினாள். தேடுகிற வேகத்தில் உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. பொறுக்கிக் கொடுக்கக் குனிந்த எனக்கு ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. நல்ல வீரியமான ஆன்டிபயாடிக். பத்தில் எட்டுக் காலி. எங்கள் டாக்டர் எழுதியதல்ல. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஐந்தாம் கட்டளை! "எங்கருந்து வந்துச்சு இது? எப்போ சாப்பிட்டே?" என்று அட்டையை ஆட்டிக் கேட்டேன்.

மெடிக்கல்ஸில் பழைய அட்டையைக் காட்டி வாங்கினாளாம். தினமும் சாப்பிடுவதில்லையாம். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் மட்டும். முந்தின நாள் சாயந்தரம் ஒன்று, வருகிற அன்று காலையில் ஒன்று. மூன்று கல்ச்சருக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாள். மாத்திரை விழுந்த மூத்திரத்தில் கிருமி எப்படி வளரும்? மூன்று தடவையும் செத்த கிருமியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எல்லாம் நார்மல் என்ற சீட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். "அடிப்பாவி, எதுக்கு இப்படிப் பண்ணே?" என்றேன். நான் ஏன் கோபப்படுகிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் அழுக்கைக் கழுவுகிறவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாள்: "அது ரொம்ப நாத்தம் அடிக்கும் சிஸ்டர், கலங்கலா இருக்கும். நீங்க வேற சுத்தமா இருன்னு சொல்லிகினே இருக்கீங்க. உங்க கைல குடுக்கற பொருளை அப்படியே அழுக்கா எப்படிக் கொண்டாந்து குடுக்கறது?"

டாக்டர் கேட்ட கேள்வி

நான் திட்டிய திட்டில்தானே அவள் அப்படிச் செய்திருக்கிறாள். மாத்திரை எதுவும் தொடக்கூடாது, அடுத்த தடவை கடுப்பு வந்தால் நேராக என்னிடம் வா, எவ்வளவு நாறினாலும் பரவாயில்லை என்று என் போன் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். பதினோராம் நாள் வந்தாள். சாம்பிளைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது, கிருமி கொள்ளை கொள்ளையாய். வாழ்க்கையில் ஒரு கெட்ட ரிப்போர்ட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அதோடு விடாமல் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் தடவையாகக் கேள்வி மட்டும் கேட்டேன். கட்டளை எதுவும் சொல்லவில்லை. வேறென்ன தொல்லை என்றதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போய்விட்டு எழுந்து நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக வருகிறது, அதனால் தினமும் துணி வைத்துக்கொள்கிறேன் என்றாள். முன்பக்கம் உள்ளே தொட்டால் உயிர் போகிறது என்றாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜையில் படுக்க வையுங்கள், பார்க்க வேண்டும் என்றார்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அறையில் திரை போட்ட மேஜை ஒன்று இருக்கிறது. பெண்கள் அதில் ஏறக் கூசுவார்கள். அதனால் டாக்டர் அந்தப் பக்கம் பார்த்தாலே, நானே முந்திக்கொண்டு "அவங்க கூச்சப்படறாங்க சார், வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். பேஷன்ட்டை நான் கேட்பதில்லை. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். வசந்தாவுக்கும் நாலு வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை மறுக்காமல் ஏறிப் படுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் விரலால் மூத்திரக் குழாயை அடியிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தார். அதன் வாசலில் இரண்டு மூன்று சொட்டுச் சீழ் வெளியே வந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவியபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நாலு வர்ஷ. அறுபது தடவை இந்த ரூமுக்கு வந்திருக்காங்க. நானும் பாக்கலே, நீங்களும் பாக்க விடலே. ஏன் சிஸ்டர்?"

கடலை அளவு

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூத்திரம் வெளியே வருகிற குழாயின் சுவரில் புடைத்துக்கொண்டு ஒரு சின்னப் பை. ஒவ்வொரு தடவை போகும்போதும் அதில் கொஞ்சம் போய்த் தங்கிக்கொள்ளும். தங்கியது அழுகிச் சீழ் பிடிக்கும். எழுந்து நின்றால் அதிலிருந்து சொட்டும். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாள் அடங்கும், பை அங்கேயே இருக்குமே, மறுபடி நிறையும். வசந்தா குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருந்தாலும், பதினாறு டாய்லெட்டுக்கும் சாவியைக் கையில் கொடுத்திருந்தாலும் இது போயிருக்காது. அந்தப் பையை வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குமாரையும் கூப்பிட்டு வைத்து டாக்டர் விளக்கினார். உள்வழியாகவே செய்கிற ஆபரேஷன், வயிற்றில் கத்தி இல்லை. பையை எடுத்துவிட்டு, குழாயின் ஓட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்காகத் தைக்க வேண்டும். மூத்திரம் போக மூன்று வாரம் டியூப் இருக்கும். தையல் பிடிக்காமல் போனால் ஒழுகலாம், சிலருக்கு இருமினாலும் தும்மினாலும் மூத்திரம் வரலாம், பையே திரும்ப வரவும் கூடும் என்று எதையும் மறைக்கவில்லை. வசந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒழுகினால் வேலை போச்சு, அது அவளுக்குத் தெரியும். குமார் அதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. வெளிச்சப் பெட்டியில் மாட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவால் சுற்றிக் காட்டிய இடத்தில் ஒரு வறுத்த கடலை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. பெயின்ட் கறை படிந்த விரலால் அதைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் பெண்டாட்டி பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார்: "நெஜமாவே இருந்துருக்குது சிஸ்டர். நான் இவளை என்னென்னமோ பேசிட்டேன்."

இருமிக் காட்டு

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு மூன்று வாரம், டியூபையும் அதன் முனையில் தொங்குகிற பிளாஸ்டிக் பையையும் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். காண்டிராக்டருக்கு டாக்டர் கடிதம் கொடுத்தார். அவன் இருபத்தைந்து நாள் பார்ப்பேன், அதற்கு மேல் ஆள் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். தினமும் எனக்குப் போன் வரும். டியூபில் ஒரு துளி சிவப்பு தெரிந்தால் போன், ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை என்றால் போன். ஒரு நாள் குமாரே பேசினார், பையைக் காலி செய்வது எப்படி என்று கேட்க. அவர்தான் செய்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தடவைகூட நான் எரிந்து விழவில்லை. எரிந்து விழ எனக்கு முகம் ஏது?

டியூப் எடுக்கிற அன்று, முதலில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே பார்த்தார்கள். தையல் பிடித்திருந்தது, கசிவு இல்லை. டியூபை உருவினேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, மூத்திரப்பை நிறைந்த பிறகு காலுக்கு நடுவில் வெள்ளைத் துணி வைத்து நிற்க வைத்தேன். இரும வேண்டும். அவள் இருமவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஒழுகிட்டா?" என்றாள். ஒழுகினால் அதற்கும் வழி இருக்கிறது, முதலில் இருமு என்றேன். இருமினாள். பலமாக இருமினாள். குனிந்து பார்த்தேன், துணி காய்ந்து கிடந்தது. பிறகு டாய்லெட்டுக்குப் போனாள். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எனக்குப் பயம் வந்து கதவைத் தட்டினேன். "போய்ட்டேன் சிஸ்டர், எரியல" என்று அழுகிற குரல் வந்தது. வெளியே வந்தவளிடம் அங்கேயே, அந்த ஈரத் தரையில் நின்றுகொண்டே, "என்னை மன்னிச்சிடு வசந்தா, உன்னை நான் ரொம்பத் திட்டிட்டேன்" என்றேன். பரவாயில்லை சிஸ்டர் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை: "ஆமா சிஸ்டர். வலியைவிட அதுக்குத்தான் நான் அதிகமா அழுதேன்."

வரிசையில் நின்றவள்

வேலை போகவில்லை. இருபத்துநாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று பரிசோதனைக்கு வந்தாள். கிருமி இல்லை, சொட்டு இல்லை, துணி இல்லை. இந்தத் தடவை மாத்திரை போடாமல் வந்த நார்மல். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது. இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் எங்கே, அடுத்த மாதமே வந்து நின்றாள்.

மறுபடி கடுப்போ என்று நினைத்தேன். இல்லை, தனக்காக வரவில்லை, கூட ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளோடு ஹவுஸ்கீப்பிங்கில் வேலை செய்கிறவள், பெயர் ஷபானா, இருபத்தெட்டு வயது இருக்கும். அதே கதை. எரிச்சல், மாத்திரை, எரிச்சல், மாத்திரை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். மெடிக்கல்ஸில் தானே வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. மணி பன்னிரண்டரை, வெளியே இன்னும் இருபது பேர், காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை நான். பழக்கதோஷம் விடுமா? "ஏம்மா, கொஞ்சமாவது அறிவு வேண்டாமா? தண்ணி எவ்வளவு குடிக்கிறே?" என்று தொடங்கிவிட்டேன். கை தன்னால் சுவரிலிருந்த சார்ட்டைக் காட்டியது. ஷபானா துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வசந்தா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். நாலு வருஷம் என் முன்னால் தலை குனிந்து நின்றவள். நீட்டிய என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். திரையை அவளே விலக்கி, ஷபானாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, மேஜைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் திரும்பி, குரலை உயர்த்தாமல், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்காமல், எனக்கு மட்டும் சொன்னாள்: "மொதல்ல பாருங்க சிஸ்டர். அப்புறம் திட்டுங்க."

அன்றிலிருந்து நான் பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறேன், பார்த்த பிறகு பாதிப் பேரைத் திட்டுவதற்குக் காரணமே கிடைக்காமல் போவதுதான் இந்த உத்தியோகத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம்.